நெத்திலிக் கருவாடும் அறுபது கோவேறு கழுதைகளும்

தம்பிக்கு,

இங்கே உன் அம்மா நன்றாக இருக்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்பதை இதைப் படித்து முடித்ததும் நீயே தெரிந்துகொள்வாய். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, பந்தல்காரன் வந்து அளவெடுத்துக்கொண்டு போய்விட்டான், பக்கத்துச் சிலிபின் ஊரிலிருந்து பெண் வீட்டார் தினம் ஒரு ஆளை அனுப்பி ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இந்த நேரத்தில் அப்பா எதற்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார் என்று நினைப்பாய். முதல் வேலையாக ஒன்று செய். நம் கம்பெனியின் சரித்திரத்தைக் கோலாலம்பூரில் பைண்டிங்குக்குக் கொடுத்திருந்தால் ஓடிப்போய் நிறுத்து. ஊசி ஏறியிருந்தாலும் பிரிக்கச் சொல். முப்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து முப்பத்தைந்தாம் பக்கம் வரை பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். எழுதியவன் நீ என்றாலும் உன் மேல் தப்பு இல்லை. கையெழுத்துகூட அந்த ஐந்து பக்கத்தில்தான் ரொம்ப அழகாக விழுந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் தைரியம் வரும், பொறுத்துக்கொள். அந்தப் பெரிய சண்டையில் பஸ்ராவிலிருந்து பாக்தாத் போகிற வழியெல்லாம் கம்பி இழுத்ததும் கொடி ஆட்டியதும் கண்ணாடி மின்னியதும் எங்கள் சிக்னல் கம்பெனி. துப்பாக்கி சுட்டவர்களுக்கு மெடல் கிடைத்தது, எங்கே சுட வேண்டும் என்று சேதி அனுப்பியவர்களுக்கு இடுப்பு வலி கிடைத்தது. ஊர் திரும்பினால் அங்கே மழையும் இல்லை வேலையும் இல்லை, ஆளாளுக்குக் கப்பல் ஏறினோம். இந்தப் பேராக்கில் வந்து ஒதுங்கியவர்கள் ஒன்பது பேர். நான் ஈப்போவில் ஈயம் தோண்டுகிற லம்பத்து டெலிபோன் கம்பியைப் பார்த்துக்கொண்டு புந்தோங்கில் குடியிருக்கிறேன். நான்கு வீடு தள்ளி எங்கள் ஹவில்தார் கோவிந்தசாமி மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். மாட்டைக்கூட அட்டென்ஷனில் நிறுத்தித்தான் கறப்பார். தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் நம் வீட்டில் கூடுவோம். இலை போட்டதும் ஹவில்தார் தம்ளரில் கரண்டியால் தட்டி ஒவ்வொருத்தன் பேரையும் கூப்பிடுவார், அவனவன் தன் தம்ளரில் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். பதில் தட்டாதவனுக்குச் சோறு கிடையாது. உன் அம்மாவின் பித்தளைத் தம்ளர்களில் ஒன்றுகூட நெளியாமல் இல்லை.

போன வருஷம் அந்தக் கூட்டத்தில்தான் ஹவில்தாருக்குச் சரித்திரம் எழுதும் ஆசை வந்தது. சமையல்காரப் பட்டாளத்துக்குக்கூடப் புத்தகம் இருக்கிறது, நமக்கு இல்லையா என்றார். நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழும் முத்து முத்தாக எழுதுவாய், ரயில்வே ஆபீசில் பேனா பிடிக்கிறவன். உன் தலையில் கட்டிவிட்டார்கள். பாவம், எத்தனை லீவு நாள் இவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய். காலில் குண்டு பட்ட கேப்டன் துரையை நான்தான் தோளில் தூக்கிப்போனேன் என்று ஒன்பது பேரும் ஒன்பது இடம் சொன்னார்கள். நீயும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதிக்கொண்டாய். அப்படிப் பார்த்தால் அந்தத் துரை மெசபடோமியா முழுக்க நடக்கவே இல்லை. அதையெல்லாம் அப்படியே விட்டுவிடு, அந்தப் பொய்களால் யாருக்கும் நட்டமில்லை. நான் சொன்ன பொய் அந்த ரகத்தைச் சேர்ந்தது அல்ல.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருப்பது கோவேறு கழுதைக் கதை. சிக்னல் நிலையத்தில் காவல் இருந்த நாயக் சவரிமுத்து, வந்த சேதியைச் சரியாகப் படிக்காமல் தப்பாக எழுதிக் கொடுத்ததால், தண்ணீரும் அரிசியும் சுமந்த அறுபது கோவேறு கழுதைகள் வழி மாறி வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்லச் சொல்ல நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் சவரி மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமா தம்பி, எல்லாம் நம்ம கைங்கரியம்தான் என்று தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். இந்தக் கதையைத்தான் உன் கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்து சபை நிறைந்திருக்கும்போது, வாழ்த்துப் பாட்டுக்குப் பதிலாக ஹவில்தார் எழுந்து நின்று படிக்கப்போகிறார். முன்வரிசையில் சவரி உட்கார்ந்திருப்பான். சிலிபின் சனம் மொத்தமும் அவனைப் பார்த்துச் சிரிக்கும். இப்போது நடந்ததைக் கேள்.

கண்ணாடி வேலை எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, அடுத்த மேட்டில் இருப்பவனுக்குக் கட்டையாகவும் நெட்டையாகவும் மின்ன வேண்டும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், அதற்குள் தமிழையும் திணிப்போம். அனுப்புகிறவன் ஒரு வார்த்தை மின்னுவான். வாங்குகிறவன் படித்துவிட்டால் ஒரு தடவை திருப்பி மின்ன வேண்டும், கிடைத்தது அடுத்ததை அனுப்பு என்று அதற்குப் பொருள். படிக்க முடியவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பதில் வராததைப் பார்த்து அவனே மறுபடி அனுப்புவான். சும்மா இருக்கிறதில் ஒரு வெட்கமும் இல்லை, படிக்காமல் பதில் மின்னுகிறவன்தான் படுபாவி என்று ஹவில்தார் தினம் காலையில் தொண்டை கிழியக் கத்துவார். எங்கள் தொழிலில் மொத்தச் சட்டமும் அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு மணல்மேட்டில் நானும் சவரியும் இருந்தோம். காவல் முறை சவரியுடையது. காவல் முறைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்த அரை மணியில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டுவிட்டது. பல் கிட்டிப்போய் ஏதேதோ உளறினான், தன் ஊர் மாதாகோயில் மணியை யாரோ திருடிவிட்டதாக அழுதான். அவனைக் கூடாரத்தில் படுக்கவைத்து இரண்டு கம்பளி போர்த்திவிட்டு அவன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அதுவரைக்கும் நான் நல்லவன்தான். அன்று மத்தியானம் பார்த்து உன் அம்மா அனுப்பிய பார்சல் வந்தது. மூன்று மாதம் கப்பலில் கிடந்த பார்சல். பிரித்தால் நெத்திலிக் கருவாடு. தம்பி, எட்டு மாதமாக ரொட்டியும் பருப்பும் தின்றவன் மூக்கில் அந்த வாடை ஏறினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உனக்கு நாலு நாள் கருவாடு இல்லாமல் இருந்து பழக்கமில்லை.

வலது பக்கம் அடுப்பை மூட்டி, தட்டைப் போட்டு, கருவாட்டை வறுத்தேன். இடது கை கண்ணாடியில் இருந்தது. நெத்திலி திருப்பிப் போடுகிற பதத்துக்கு வந்த நேரம் பார்த்து எதிர் மேட்டுக்காரன் மின்ன ஆரம்பித்துவிட்டான். தலையைத் தூக்கினால் இது கருகும். சாயங்காலம் வருகிற சேதி தினமும் ஒன்றேதான், கழுதைகள் நேற்றுப் போலவே ஆற்றுத்துறைக்கு வரட்டும் என்று இருக்கும். அதனால் கண்ணைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணில் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் இடது கையால் ஒரு தட்டு தட்டினேன். கிடைத்தது. கிடைத்தது. கிடைத்தது. முழுச் சேதியும் இப்படியே வாங்கினேன். தின்று முடித்து விரலை நக்கிக்கொண்டு, எதற்கும் ஒரு தடவை திருப்பி அனுப்பச் சொல்வோம் என்று நிமிர்ந்தால் சூரியன் அடங்கிவிட்டது. வெயில் போனால் கண்ணாடி வெறும் கண்ணாடி. காகிதத்தில் 'நேற்றுப் போலவே' என்று எழுதி ஓட்டக்காரனிடம் கொடுத்துவிட்டேன்.

முந்தின நாள் அங்கே இருந்த நம் பட்டாளம் அன்று காலையிலேயே ஆற்றுத்துறையை விட்டு மேலே போயிருந்தது. அதைச் சொல்லத்தான் அவன் அத்தனை நேரம் மின்னியிருக்கிறான். நம் கழுதைகள் ஒழுங்காக ஆற்றுத்துறைக்குப் போய், அங்கே புதிதாக வந்து இறங்கியிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முன்னால் நின்றன. அவர்கள் தண்ணீரைக் குடித்து, மிச்சத்தில் குளித்து, அரிசியை வேகவைத்துச் சர்க்கரை போட்டுத் தின்றார்களாம். நம் ஆட்கள் இரண்டு நாள் பேரீச்சம்பழம் தின்று உயிர் பிழைத்தார்கள். பக்கத்துத் தோப்பில் அது ஒன்றுதான் இருந்தது. நூற்றிருபது பேர் இரண்டு நாள் வெறும் பேரீச்சம்பழம் தின்றால் மூன்றாம் நாள் என்ன நடக்கும் என்பதைச் சரித்திரத்தில் எழுத வேண்டாம் என்று ஹவில்தாரே உன்னிடம் சொல்லிவிட்டார். யாரும் சாகவில்லை, அது ஆண்டவன் புண்ணியம்.

மூன்றாம் நாள் கேப்டன் துரை விசாரித்தார். காவல் முறைக் காகிதத்தில் இருந்தது சவரியின் கையெழுத்து. காய்ச்சல் விட்டும் விடாமலும் அவன் நடுங்கிக்கொண்டு நின்றான். துரை கேட்டதை ஹவில்தார் தமிழில் கேட்டார், அந்த நேரம் காவலில் உட்கார்ந்திருந்தது நீதானா என்று. சவரிக்கு அன்றைக்கு நடந்தது ஒன்றுமே நினைவில் இல்லை. அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நானா உக்காந்திருந்தேன்?"

நான் "ம்" என்றேன்.

தம்பி, நான் வாயைத் திறந்து ஒரு முழுப் பொய்கூடச் சொல்லவில்லை. "ம்" என்றேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் எனக்கு நாயக் உத்தியோகத்துக் கைப்பட்டை வருவதாகப் பேச்சு இருந்தது. துரையின் கைத்தடியைப் பார்த்தால் பயமாக இருந்தது. நாளைக்குத் தனியாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன், அதுவும் நிஜம். சவரி உடனே விறைப்பாக நின்று, தப்பு என்னுதுங்க என்றான். அவன் கைப்பட்டையை அங்கேயே அறுத்தார்கள். அதை அடுத்த வாரம் எனக்குத் தைத்தார்கள், அதே பட்டையை. எங்கள் கம்பெனியில் துணிப் பஞ்சம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன் என்றேனே, அந்த நாளை வருவதற்குப் பத்து வருஷம் ஆகிவிட்டது.

அவன் ஏதோ ஒரு தண்டனையை வாங்கிக்கொண்டு மறந்துபோயிருந்தால் நானும் மறந்திருப்பேன், நான் அப்படிப்பட்ட ஆள்தான். அவன் மறக்கவில்லை. காய்ச்சல் வந்தால் தன் தலை தன் சொல்லைக் கேட்காது, நினைவில்லாமல் ஊரைக் கெடுத்துவிடும் என்று முடிவு கட்டிவிட்டான். சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், சிக்னல் கம்பெனி ஆள் என்று கேள்விப்பட்டு ஆபீஸ் டெலிபோனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் அங்கிருந்த துரை. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் ரப்பர் பால் கொட்டகையில் வாளி கழுவப் போனான். காலையில் ஆட்களைக் கூட்டுகிற பெரட்டு மணி அடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள், அதையும் மறுத்தான். தப்பான நேரத்தில் அடித்துவிட்டால் அத்தனை பேரும் இருட்டில் எழுந்து நிற்பார்களே என்று அதற்கு ஒரு விளக்கம். இரண்டு இடத்தில் பெண் பார்த்தோம். இரண்டு இடத்திலும் வெற்றிலைத் தட்டு வருவதற்குள் அவனே பெண்ணின் அப்பாவிடம் கழுதைக் கதையைச் சொல்லி, "எனக்குக் காய்ச்சல் வந்தா என்னா செய்வேன்னு எனக்கே தெரியாதுங்க" என்றான். யார் பெண் கொடுப்பார்கள்? ஈஸ்டருக்கு ஈஸ்டர் பாவசங்கீர்த்தனத்தில் கழுதைகளைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். அந்தச் சாமியார் நல்ல மனுஷன். முதல் வருஷம் பொறுமையாகக் கேட்டார். நாலாம் வருஷம், கழுதையைத் தவிர வேறு பாவம் ஏதாவது இருந்தால் சொல்லு என்று கேட்டாராம்.

அப்புறம் அந்தக் கூடை. ஒவ்வொரு வருஷமும் நம் வீட்டுக் கூட்டத்துக்கு வரும்போது, முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையில் பேரீச்சம்பழம் வாங்கி ஒரு கூடை நிறையத் தூக்கிக்கொண்டு வருவான். ஒவ்வொருத்தன் இலையிலும் தன் கையால் வைத்து, ரெண்டு நாள் உங்களப் பட்டினி போட்டவன், மன்னிச்சிக்குங்க என்பான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவது போல் நடித்துக் காட்டுவார்கள், ஒரே சிரிப்பாக இருக்கும். நீயும் பள்ளிக்கூடப் பையனாக அந்தப் பழத்துக்கு அடித்துக்கொண்டாயே. என் இலையில் மட்டும் இரண்டு பழம் அதிகம் வைப்பான். அன்று காவல் முடிந்த பிறகு தன்னைக் கூடாரத்தில் படுக்கவைத்துக் கம்பளி போர்த்தியவன் நான் என்று நம்பியிருந்தான். அந்த இரண்டையும் தின்றேன். ஒவ்வொரு வருஷமும் தின்றேன். கொட்டையைத் துப்பிவிட்டு ஏப்பம்கூட விட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு, கல்யாண வேலைகளைப் பிரித்துக்கொடுக்க எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன். தாலித் தட்டைச் சபையில் எல்லோரிடமும் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்குகிற வேலையைச் சவரி மாமாதான் செய்ய வேண்டும், வேதக்காரர் என்று யாராவது முணுமுணுத்தால் என்னிடம் அனுப்புங்கள் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்துக் காட்டினேன். அவன் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்துபோயிற்று. நான் பார்த்தேன். உடனே கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"வேணாம் அண்ணே. வேற ஆளப் பாருங்க லா. கைய நம்பலாம், என் தலைய நம்ப முடியாது. தாலிய எங்கயாச்சும் வச்சிட்டு வந்து நின்னேன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். கழுதை மேல் ஏற்றி வெள்ளைக்காரனுக்கு அனுப்பிவிடுவான் என்று ஹவில்தார் சொன்னார், இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சவரியும் சிரித்தான். கல்யாணத்துக்கென்று முன்கூட்டியே வாங்கி வந்திருந்த கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தான். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகில் தட்டினாள். கொட்டை மாட்டிக்கொண்டதாக நினைத்தாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். சிலிம் ரிவரில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது பால் கொட்டகையில் எடை முடிந்து, சவரி தனியாக வாளி கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், வீட்டில் யாருக்கு என்ன என்று பதறினான். ஒன்றுமில்லை, உட்காரு என்றேன். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பார்சல், அடுப்பு, இடது கை, 'நேற்றுப் போலவே', கடைசியில் அந்த "ம்", எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டான். ஒரே வாளியை மூன்று தடவை கழுவினான்.

"என்னா கருவாடு?" என்றான்.

"நெத்திலி."

"எனக்கு ஒண்ணுகூட எடுத்து வைக்கலியே."

நான் சிரித்துவிட்டேன். பழக்க தோஷம், அவன் வாயைத் திறந்தால் நாங்கள் சிரிப்போம். அவன் சிரிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்தான். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, எப்போதும் சொல்கிற அண்ணே இல்லாமல் என்னிடம் பேசினான்.

"நீ ஒரு 'ம்' சொன்ன. பத்து வருசமா என் தலைய நானே நம்பாம கெடந்தேன்."

காலில் விழலாமா என்று நினைத்தேன், அவன் ஈரக் காலோடு நகர்ந்து போய்விட்டான். வரிசை வீடுகளாக இருக்கிற லயத்தில் தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். கொட்டகை வாசலில் நான் முட்டாள் மாதிரி நின்றேன். திரும்பிப் போகலாம் என்றால் கால் வரவில்லை, கதவைத் தட்டலாம் என்றால் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தான். கையில் சவரம் செய்கிற கண்ணாடி இருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் நேரே மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு ஏறினான். அங்கே போய் நின்று கையைத் தூக்கிக் காட்டினான், அங்கேயே நில் என்று. அந்தச் சைகையை எந்த நாட்டில் பார்த்தாலும் எனக்குப் புரியும். என் வெற்றிலைப் பெட்டியின் மூடியை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெயிலில் வந்து நின்றேன்.

மின்னினான். முதல் வார்த்தை போயிற்று. என்னால் படிக்க முடியவில்லை. வயசான கண், அதில் தண்ணீர் வேறு. என் கை தன்னிச்சையாக மூடியைத் தூக்கப் போனது, தம்பி. கிடைத்தது என்று மின்னப் போனது. இறக்கிக்கொண்டு சும்மா நின்றேன். மறுபடி மின்னினான். அப்போதும் தெரியவில்லை. சும்மா நின்றேன். லயத்திலிருந்து பெண்களும் பிள்ளைகளும் வெளியே வந்து, இரண்டு கிழவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். ஆபீசிலிருந்து கணக்கு எழுதுகிற கிராணி எட்டிப் பார்த்து, அங்கே என்னாய்யா கூத்து என்று கேட்டார். மூன்றாம் தடவை படித்தேன். 'பழம்' என்றது. பதில் மின்னினேன். அடுத்து 'நீ' என்றது. மின்னினேன். இனிமேல் பேரீச்சம்பழக் கூடையைத் தூக்கப்போவது நான். சரிதான், நியாயம்தான் என்று மூடியை இறக்கினேன். ஆனால் அவன் இன்னும் கண்ணாடியை இறக்கவில்லை. இன்னொன்று வந்தது. 'தட்டு'. படித்துவிட்டுத்தான் மின்னினேன். கடைசி வார்த்தை வந்தது.

'நான்'.

மேட்டிலிருந்து இறங்கி வந்ததும், சாப்பிட்டீங்களா அண்ணே என்று கேட்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவரும் அவன் வீட்டில் பழைய சோறு சாப்பிட்டோம், தொட்டுக்கொள்ள வெங்காயம்தான். இந்த ஈஸ்டருக்குச் சாமியாரிடம் என்ன சொல்வது என்று மட்டும் கவலைப்பட்டான். பத்து வருஷம் வாங்கிய மன்னிப்பை என் பேருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்கப்போகிறானாம், நான் இந்து என்றால் சாமியார் ஒத்துக்கொள்வாரா என்று யோசனை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் அந்தப் பார்சலுக்குள் வைத்த கடிதத்தில், கூட இருக்கிற சவரித் தம்பிக்கும் கொடுங்கள் என்று எழுதியிருந்தாளாம். எழுதியிருந்தாள்தான், படித்தேன்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று நாளாக வீட்டில் மூன்று வேளையும் நெத்திலிக் கருவாடு. தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து நான் தின்பதைப் பார்க்கிறாள்.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். நான் உன் அம்மாவோடு குடும்பம் நடத்தியதே பாதி இந்த "ம்"மை வைத்துத்தான். அவள் பேசுவாள், நான் பேப்பர் படித்துக்கொண்டே "ம்" கொட்டுவேன். என் தம்பி கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள், "ம்" என்றிருக்கிறேன். உன் மாமன் பெட்டியோடு வந்து இறங்கி இரண்டரை வருஷம் இருந்தான், என் நல்ல வேட்டி எல்லாம் அவன் இடுப்பில்தான் கிழிந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நீ பதினாறு வயசில், எனக்குப் பட்டாளத்துக்குப் போகவா வேண்டாமா என்று புரியவில்லை அப்பா என்று வாசலில் நின்று கேட்டாய். அதற்கும் "ம்" என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாய். அன்றைக்கு நீ என்ன கேட்டாய் என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது, அதற்குள் நீ என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாய். அதற்காக எனக்கு வருத்தம் உண்டு, சொல்லத் தெரியவில்லை. உனக்குப் பெண்டாட்டியாக வரப்போகிற தங்கம் உன்னிடம் பேசும்போது காது கொடுத்துக் கேள். கேட்கவில்லையா, கேட்கவில்லை மறுபடி சொல்லு என்று சொல். திட்டுவாள், திட்டட்டும். இப்போது நான் உன் அம்மா சொல்வதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து அதற்கும் கோபித்துக்கொள்கிறாள்.

முப்பத்தொன்றாம் பக்கத்தைப் புதிதாக எழுது. என் பேரை முழுசாகப் போடு, என் அப்பா பேரும் சேர்த்து. கருவாட்டை விட்டுவிடாதே. பட்டை அறுத்ததையும் அதே பட்டையை எனக்குத் தைத்ததையும் எழுது. ஹவில்தாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. படிக்காமல் பதில் மின்னியவன் என்று தெரிந்தால் கல்யாணப் பந்தல் என்றும் பார்க்காமல் என்னைத் தோப்புக்கரணம் போடவைப்பார், போட்டுக்கொள்கிறேன். சபை முன்னால் அவர் அதைப் படிக்கும்போது முன்வரிசையில் கூடையோடு நான் நிற்பேன். சவரி தட்டைத் தூக்கிக்கொண்டு உன் பக்கத்தில் நிற்பான். புது வேட்டி எடுத்திருக்கிறேன் அவனுக்கு. அவன் நேற்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான், தாலித் தட்டைத் தூக்கப் பழகுவதற்கு லயத்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வாளி மூடியோடு சுற்றி வருகிறானாம்.

இது உன் கைக்கு வந்ததும் ஒரு வரி பதில் போடு. கடிதம் கிடைத்தது என்று மட்டும் எழுதினால் போதும். ஆனால் முழுக்கப் படித்துவிட்டு எழுது. எங்கேயாவது புரியவில்லை என்றால் பதில் போடாமல் சும்மா இரு. நான் மறுபடி எழுதுகிறேன்.

அப்பா